நம் வார்டில் நடப்பது நமக்கு முன்கூட்டியே தெரிய என்ன வழி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முன்பு பேரூராட்சியாக இருந்து, பிறகு மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. ஒரு நாள் காலையில் பொக்லைன் வந்து மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டியது. அதற்கு முன் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வீட்டு வாசலில் பள்ளம் இன்னும் மூடாமல் கிடக்கிறது. மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் குப்பை தரம் பிரிக்கும் கூடம் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா என்று தெரியவில்லை. "இதெல்லாம் எங்கே முடிவாகிறது, எங்கே தெரிந்துகொள்வது, கூட்டத்துக்குப் போனால் ஏதாவது நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மையில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு முடிவை மாற்ற இன்னும் இடம் இருக்கும்போதே அது நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, புறநகர்ப் பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்றக் கூட்டத்துக்குப் பொருள் நிரல் தயாரிப்பதிலேயே வேலைக்காலத்தில் பாதி போயிற்று. அதனால் காகிதம் எப்படி நகர்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய மாநகராட்சியின் தலைமை அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை. சட்டம் சொல்வது எது, நான் கண்ட நடைமுறை எது, என் ஊகம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எந்த வேலை யாருடையது என்று தெரிய வேண்டும். என்னிடம் வந்த மனுக்களில் பெரும்பகுதி தவறான வாசலுக்கு வந்தவை. உங்கள் தெரு உள்ளாட்சியுடையது. பேருந்து ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் விழுந்த குழியை உங்கள் கவுன்சிலர் நினைத்தாலும் மூட முடியாது, எழுதித்தான் கேட்க முடியும். ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறைக்குச் சொந்தம். சிறிய குளம், குட்டைகள் பல இடங்களில் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கும். தெருவிளக்கு உள்ளாட்சி போட்டது. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி மின்வாரியத்துடையது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிநீரையும் கழிவுநீரையும் குடிநீர் வாரியம் பார்க்கிறது. தாம்பரம், ஆவடி போன்ற மாநகராட்சிகளில் வீட்டுக்கு வரும் குழாய் மாநகராட்சியுடையது. தெருவைத் தோண்டியது யார் என்பதற்கே நாலைந்து பதில்கள் இருக்கலாம். வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் மேஸ்திரியிடம், "எந்தத் துறை வேலை, காண்ட்ராக்டர் யார், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) யார்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அந்த மூன்று பதிலும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, ஒரு வடிகாலோ சாலையோ எப்படி முடிவாகிறது? யாரோ கோரிக்கை வைக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு திட்டத்தில் நிதி வருகிறது. உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுகிறார். தொகைக்கு ஏற்ற உயர் பொறியாளர் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறார். மன்றம் தீர்மானம் போடுகிறது. டெண்டர் விடுகிறார்கள், பணி ஆணை கொடுக்கிறார்கள், வேலை நடக்கிறது. நடந்த வேலையை அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள், அதை வைத்து பில் போகிறது. திட்டத்துக்குத் திட்டம் வரிசை கொஞ்சம் மாறும். மாறாத ஒன்று உண்டு: எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் நீங்கள் சொன்னால் எதுவும் மாறும். தீர்மானத்துக்கு முன்னால் சொன்னால் கொஞ்சம் மாறும். பணி ஆணை கொடுத்த பிறகு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். வடிகால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அப்போது பேசிப் பயனில்லை. மக்கள் வந்து கேட்பது பெரும்பாலும் பொக்லைன் வந்த அன்றைக்குத்தான். அவர்கள் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் தெருவில் தெரிகிற மாதிரி எதுவுமே நடப்பதில்லை. ஒரே ஓர் அறிகுறி உண்டு. யாராவது டேப்போடும் மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியோடும் தெருவில் நின்று அளந்துகொண்டிருந்தால், எஸ்டிமேட் தயாராகிறது என்று அர்த்தம். அன்றைக்கே போய் விசாரியுங்கள்.

இன்னொன்று, நிதியாண்டு. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற ஆண்டுக்கான பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைப்பார்கள். அதற்கான பட்டியல் அலுவலகத்துக்குள் டிசம்பர், ஜனவரியிலேயே உருவாகத் தொடங்கிவிடும். உங்கள் தெருவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் நவம்பர் கடைசியிலேயே எழுதிக் கொடுங்கள். கோடையில் கொடுக்கிற மனு, நான் பார்த்தவரை, அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும். "பணம் இருக்கிறதாமே, விளக்கு ஏன் போடவில்லை?" என்று கேட்டால் அதிகாரி கைவிரிப்பார், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

அடுத்தது பொருள் நிரல். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் அஜெண்டாதான் அது. உங்கள் பகுதியைப் பற்றிய உண்மையான செய்தித்தாள் அதுதான் என்று நான் நம்புகிறேன். உங்கள் கவுன்சிலரிடம் ஒரு பிரதி கட்டாயம் இருக்கும். கேட்டால் பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளவும் விடுவார்கள். நடை பழைய அலுவலக நடை, நீளமான வாக்கியங்கள், படிக்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு பொருளிலும் முதலில் கடைசி வரியைப் பாருங்கள். "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று முடிந்தால் அந்த விஷயம் இன்னும் திறந்திருக்கிறது; கூட்டத்துக்கு முன் கவுன்சிலரிடம் சொன்னால் அவர் எழுந்து பேச முடியும், திருத்தம் கேட்க முடியும், ஒத்திவைக்கச் சொல்ல முடியும். "மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்" என்று முடிந்தால் அது ஏற்கெனவே நடந்து முடிந்தது, அவசரம் என்று மன்றம் கூடும் முன்பே அனுமதி வாங்கிச் செய்துவிட்டார்கள். முன் அனுமதி தவறானது இல்லை. மழைக்காலத்தில் மோட்டார் எரிந்துபோனால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் மாதா மாதம் பாதிப் பொருள்கள் அப்படி வந்தால், உறுப்பினர் எழுந்து ஏன் என்று கேட்க வேண்டும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கடைசி நிமிடத்தில் மேசையில் வைக்கும் பொருள்களும் உண்டு. அவற்றில்தான் நான் எப்போதும் கூடுதல் கவனம் வைத்தேன், நீங்களும் வையுங்கள்.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது, பார்வையாளராக உட்காரலாம். இட வசதியைப் பொறுத்து அலுவலகம் முன்கூட்டிச் சொல்லச் சொல்லலாம். ஒரு நாள் முன்னதாகக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே ஒரு முறையாவது போய் உட்காருங்கள் என்பேன். நூறு பொருள் நாற்பது நிமிடத்தில் எப்படி முடிகிறது என்று நேரில் பார்த்தால்தான், கூட்டத்துக்கு முன்னால் பேசுவது ஏன் முக்கியம் என்று புரியும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடம், தையல் வேலை செய்யும் ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாக வருகிறவர்கள் சொல்வது, "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் போடுங்கள்." அவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மேசைமேல் பிரித்து வைத்து, "தம்பி, நான் வடிகால் கேட்டு வரலை. தண்ணி ஏன் போகமாட்டேங்குதுன்னு பார்க்கச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலும், தெருவின் நடுவில் ஒரு வீட்டிலும், கடைசி வீட்டிலும் நீல பெயிண்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறியது, மழை எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று மூன்று வீட்டுக்கும் தேதிவாரியாக நோட்டில் இருந்தது. மூன்று மழை. மூன்றிலும் கடைசி வீட்டில்தான் தண்ணீர் முதலில் ஏறியிருந்தது, கடைசியாக வடிந்திருந்தது.

அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே 120 மீட்டர் வடிகாலுக்கு எஸ்டிமேட் தயாராகி என் மேசையில் இருந்தது. நோட்டைப் பார்த்த பொறியாளர் எதுவும் பேசாமல் டம்பி லெவலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். தெரு போய்ச் சேரும் பேருந்துச் சாலையில் ஒரு சிறுபாலம். அதன் அடித்தளம், நாங்கள் போடவிருந்த வடிகாலின் தளத்தைவிட 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. எத்தனை மீட்டர் வடிகால் கட்டினாலும் தண்ணீர் அங்கே வந்து நின்றிருக்கும். அந்தச் சிறுபாலம் எங்களுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது. எஸ்டிமேட்டை நிறுத்திவைத்து, அளவுகளோடு அந்தத் துறைக்குக் கடிதம் எழுதினோம். சிறுபாலத்தை இடித்துத் தாழ்த்திக் கட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அந்த அம்மா மாதம் ஒரு முறை வந்து, கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார். சத்தம் போட்டதே இல்லை. அதன்பிறகுதான் எங்கள் வடிகாலைக் கட்டினோம். உட்கார்ந்த இடத்தில் நாங்கள் போட்ட எஸ்டிமேட் தப்பு என்று எனக்குக் காட்டியவர் அவர். "மக்கள் பங்கேற்பு" என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் அந்த நீலக் கோடுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இப்போது கூட்டங்களுக்கு வருகிறேன். 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள்தான் இன்றைய உள்ளாட்சிகளுக்கு அடிப்படை. கிராம ஊராட்சிகளுக்குக் கிராம சபை கிடைத்தது. நகரங்களுக்கு அதுபோல எல்லா வாக்காளரும் வந்து உட்காரும் சபையை அந்தத் திருத்தம் தரவில்லை. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று மட்டும் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022-இல் விதிகள் வந்தன. அதே வருடம் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் பல நகரங்களில் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை. வார்டு முழுவதற்கும் கவுன்சிலர் தலைமையில் ஒரு குழு. நீங்கள் வாக்காளராக இருந்தால் உங்கள் பகுதி சபையில் உட்காரவும் பேசவும் உங்களுக்கு இடம் உண்டு. இதுவரை சொன்னது உறுதியானது.

நடைமுறை அவ்வளவு உறுதியாக இல்லை. சில வார்டுகளில் ஒழுங்காகக் கூட்டுகிறார்கள். சில வார்டுகளில் கூடியது வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது. பகுதிப் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதனால் அவர்கள் கவுன்சிலருக்கு நெருக்கமானவர்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். இது கெட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். நல்ல கவுன்சிலரிடம் அது வேலையை வேகமாக்கும். மண்டல அலுவலகத்துக்குப் போய், "எங்கள் வார்டில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, பிரதிநிதி யார், நடவடிக்கைக் குறிப்பு எங்கே?" என்று எழுதிக் கேளுங்கள். கேள்வி எழுத்தில் வந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்குத் தகவல் வரும். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

கிராம சபையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், புறநகரில் உங்கள் பகுதிக்கு அடுத்த தெரு இன்னும் ஊராட்சியாக இருக்கலாம். உங்கள் உறவினர் யாராவது அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கலாம். ஊராட்சியில் மக்களுக்கு இருக்கிற உரிமை நகரத்தைவிடப் பெரியது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு கிராம சபைகளோடு 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். வரவு செலவைப் படிவம் 30-இல் எழுதிக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிதானமாகப் படிக்கிற இரண்டு பேர் ஓர் ஊரில் இருந்தாலே அந்த ஊராட்சியின் கணக்கு சுத்தமாகும். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது, பெரிய ஊராட்சியில் முந்நூறு பேர் வரை வர வேண்டும். புறநகர் ஊராட்சிகளில் குடிவந்தவர்கள் வருவதில்லை, வேலைக்குப் போகிறார்கள், விடுமுறை நாளில் ஊருக்குப் போகிறார்கள். அதனால் கோரமே பிரச்சினை. ஒரு முறை நான் பார்வையாளராகப் போன கிராம சபையில், கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்துப் பதிவேடு வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்திருந்தது. பந்தலில் எழுபது பேர்கூட இல்லை, பதிவேட்டில் முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் எண்கள் மட்டும் போட்டு இடம் விட்டு வைத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பதிவேடு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், "கூட்டத்தில் வந்து போடுகிறேன்" என்று சொல்லி, போய் உட்காருங்கள்.

ஊராட்சி நகரத்தோடு சேரும்போது கிராம சபை போய்விடுகிறது. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. சேர்வதால் நன்மை உண்டு: பெரிய நிதி, பாதாளச் சாக்கடை, தகுதியுள்ள பொறியாளர்கள். இழப்பும் உண்டு. பேரூராட்சியில் ஒரு கவுன்சிலருக்குச் சில நூறு வீடுகள்தான். அவர் உங்கள் தெருப்பெயர் சொன்னாலே வீட்டை அடையாளம் சொல்வார். மாநகராட்சியில் ஒரு வார்டில் பல்லாயிரம் பேர். உங்களுக்கு யாரும் வந்து சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2011-இல் தேர்ந்தெடுத்த நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். பொருளை முன்வைப்பதும் அதிகாரி, தீர்மானம் போடுவதும் அதிகாரி. வேலைகள் நின்றுவிடவில்லை, சில இடங்களில் வேகமாகக்கூட நடந்தன. ஆனால் கேள்வி கேட்கிற பழக்கம் போய்விட்டது. ஒரு தலைமுறைக் குடியிருப்பாளர்கள், கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதே தெரியாமல் புறநகரில் வீடு வாங்கினார்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243-யு பிரிவு. நடக்கிறதா என்று கவனிப்பதும் குடிமகனின் வேலைதான். உங்கள் பெயர் இப்போதைய முகவரியில் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே வந்து கேட்கிறவர்களை, வெளியே சொல்லாவிட்டாலும், கவுன்சிலர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வந்த சட்டம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் செய்கிற தப்பு, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது. "ஏன்" என்ற கேள்விக்கு, இது தகவல் இல்லை என்று சுலபமாகத் தட்டிக்கழித்துவிடலாம். நகல் கேளுங்கள்: இந்தத் தெரு வடிகால் பணியின் எஸ்டிமேட், தீர்மான எண், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள். இருக்கிற காகிதத்தை இல்லை என்று சொல்வது கஷ்டம். இன்னும் நல்ல வழி, கோப்பை நேரில் பார்க்க அனுமதி கேட்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2-ஜே பிரிவில் உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும், இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். நேரில் போய்க் கேட்டால் பாதித் தகவலை உதவிப் பொறியாளர் வாயாலேயே சொல்லிவிடுவார். ஆர்.டி.ஐ. போட்டவர் என்று பெயர் வந்துவிட்டால், அதன்பிறகு எல்லாமே கடிதத்தில்தான் நடக்கும்.

பூங்கா இடத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தி உண்மையா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்களே ஒரு நாளில் கண்டுபிடிக்கலாம். உங்கள் கிரயப் பத்திரத்தில் மனைப்பிரிவு ஒப்புதல் எண் இருக்கும். ஒப்புதல் வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலத்தை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால், எழுதிக் கொடுத்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும், அதற்குக் காசு கிடையாது. எழுதிக் கொடுக்காமலே விட்டிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து, குப்பைக் கூடம் இல்லை. அப்படி விட்ட இடங்கள் பத்து வருடம் கழித்து வேறொருவர் பெயரில் மனையாக விற்பனைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பத்திரம் ஒழுங்காக இருந்தால், கூடம் அமைக்கும் தீர்மானம் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கவுன்சிலரிடம் தீர்மான எண்ணோடு கேளுங்கள். எண் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பூங்கா நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை நீதிமன்றங்கள் பல முறை தடுத்திருக்கின்றன, உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கும். அதே சமயம், குப்பை தரம் பிரிக்கும் கூடம் எங்காவது ஓர் இடத்தில் வந்துதான் ஆக வேண்டும். "எங்கள் பக்கம் வேண்டாம்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் என் அலுவலகத்தில் கட்டுக் கட்டாக இருந்தன. வார்டுக்குள் வேறு ஓர் இடத்தைச் சர்வே எண்ணோடு காட்டிய மனு ஒன்றே ஒன்று வந்தது. அதைத்தான் மன்றம் விவாதித்தது.

ஒரு ஆளாகப் போனால் ஏதாவது ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகும், ஆனால் மெதுவாக. நாலு பேராகப் போனால் நல்லது. நாற்பது பேராகப் போனால் அதிகாரி தற்காப்புக்குப் போய்விடுவார், பேச்சு நடக்காது. நலச்சங்கம் இருந்தால் சேருங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. தாம்பரம் பக்கத்துச் சிட்லபாக்கத்தில் குடியிருப்பாளர்கள் ஏரிக்குள் இறங்கித் தாங்களே சுத்தம் செய்தார்கள், விடாமல் மனு கொடுத்தார்கள். 2019-இல் அந்த ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. பணம் போட முடிந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். அப்படி நடக்கிற வேலையில் பணம் கட்டியவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதால், சிமெண்ட் குறைவதில்லை.

கடைசியாக உங்கள் வாசல் பள்ளம். இந்த வாரம் செய்ய வேண்டியது: வடிகாலின் அடித்தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் தேதியோடு வீடியோ எடுத்து, கான்கிரீட் போடுவதற்கு முன் ஏ.இ.க்கு அனுப்புங்கள். போட்ட பிறகு இடிக்க மாட்டார்கள். தெருவின் முடிவில் அந்த வடிகால் எதில் போய்ச் சேர்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். சேரும் இடம் உயரத்தில் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வேலை முடிந்து சாலை போடும்போது, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அதை ஒப்பந்ததாரரிடம் நினைவுபடுத்துங்கள், இல்லையென்றால் தெரு உங்கள் வாசல்படியைவிட உயர்ந்துவிடும். அப்புறம், அடுத்த மழைக்குள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி எழுத மறக்காதீர்கள்.